மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி? ஏ.சி. வாங்கும் முன் ஒரு வேலை

தனி வீடு, கான்கிரீட் தளம், மேலே மொட்டை மாடி. இரவு பத்து மணிக்குப் பிறகும் படுக்கையறையில் அனல் இறங்குகிறது. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் சூடான காற்றுதான் வருகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இந்தப் பதிவு. எங்கள் வீடு திருச்சியில். பங்குனி பிறந்துவிட்டால் மேல் அறையில் யாரும் படுக்க மாட்டோம். ஏ.சி. வாங்குவது என்று முடிவெடுத்து விலையெல்லாம் விசாரித்துவிட்டு, அதற்கு முன் மாடியைக் கவனிப்போம் என்று இறங்கியதில் கிடைத்த அனுபவம் இது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்ற எல்லாம் எளிது. நம் ஊர்களில் கோடைச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேராக நிற்கிறது. சுவர்களை விட மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. பழுப்பேறிய தட்டோடும் பாசி படிந்து கறுத்த சிமெண்டுத் தளமும் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அந்தச் சூடு தளத்துக்குள் மெதுவாக இறங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் கீழே உள்ள கூரைக்கு வந்து சேரும். நண்பகலில் வாங்கிய வெயில் இரவில் நம் தலைக்கு மேல் இறங்குவது இதனால்தான். ஏ.சி. போட்டால் அது அறைக் காற்றோடு சேர்த்து அந்தத் தளத்தோடும் இரவு முழுக்கப் போராட வேண்டும்.

வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் மாநகராட்சி 2017-இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தளத்தின் தடிமன், அறையின் உயரம், காற்றோட்டம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். என்னைக் கேட்டால், மதியம் இரண்டு மணிக்கு மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிகிறதே, அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

சுண்ணாம்பா, பெயிண்டா?

கையில் பணம் இருந்து, ஆண்டுதோறும் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பவர்கள் கூல் ரூஃப் பெயிண்ட் வாங்குங்கள். சில ஆண்டுகள் நிற்கும். கடையில் எஸ்.ஆர்.ஐ. எண் என்ன என்று கேளுங்கள். ஒரு பரப்பு வெயிலைத் திருப்பி, வாங்கிய சூட்டையும் வெளியே விடும் திறனை, கறுப்புக்கு 0, நல்ல வெள்ளைக்கு 100 என்று வைத்துக் கணக்கிடும் அளவு அது. எண் கூடக் கூட நல்லது. எண்ணைச் சொல்லத் தெரியாமல் ‘சூப்பர் கூல் சார்’ என்று மட்டும் சொல்லும் டப்பாவை வாங்காதீர்கள்.

அலுமினியம் கலந்த வெள்ளி பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பளபளவென்று இருப்பதால் பலர் தகரக் கூரைக்கு அதையே அடிக்கிறார்கள். அது வெயிலை ஓரளவு திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை வானத்துக்கு எளிதில் விடாது. வெள்ளைக்கு இரண்டு குணமும் உண்டு.

நான் சுண்ணாம்புப் பக்கம். ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, கொஞ்சம் பசை, மூன்று மாலை நேர உழைப்பு. ஏ.சி. விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு கண்ணிலேயே படாது. சரியாக அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். எங்கள் மாடி 800 சதுர அடி. 25 கிலோ மூட்டை ஒன்று போதுமாக இருந்தது.

தேவையானவை

நீற்றிய சுண்ணாம்புத் தூள். முதல்முறை செய்பவர்கள் இதையே வாங்குங்கள். சுட்ட கல் சுண்ணாம்பு வாங்கி வீட்டில் நீற்றினால் பூச்சு இன்னும் நன்றாக ஒட்டும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். செய்தே தீருவேன் என்பவர்கள் இரும்பு டிரம்மில் நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லைக் கொட்டி வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு கிலோ கல்லுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பசைக்கு ஃபெவிகால் டி.டி.எல். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். சோற்றுக் கஞ்சி கலக்கும் வழக்கமும் உண்டு. நிழலான சுவருக்கு அது சரி. மழையில் நனையும் மாடிக்கு நான் டி.டி.எல்.தான் சொல்வேன்.

கம்பிப் பிரஷ், தென்னந்துடைப்பம், பிளீச்சிங் பவுடர், பழைய வேட்டித் துணி, 6 அங்குல பிரஷ். பிரஷை நீளமான கழியில் கட்டிக்கொண்டால் முதுகு பிழைக்கும். ரோலர் வேண்டாம். அது தட்டோடுகளின் இடுக்குக்குள் போகாது.

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 1: தளத்தைத் தயார் செய்தல்

மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ செய்யுங்கள். சித்திரை வந்துவிட்டால் தளம் மாலையிலும் ஆறாது.

மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பெரும்பாலான வீடுகளில் மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ குழிக்கோ போகிறது. பிளீச்சிங் தண்ணீர் அதில் இறங்கக் கூடாது.

பெருக்கிவிட்டு, பாசி உள்ள இடங்களில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். கம்பிப் பிரஷால் தேய்த்து, அந்த அழுக்குத் தண்ணீரை வாளியில் அள்ளி வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊற்றாதீர்கள். தட்டோட்டின் சிமெண்டுப் பூச்சை அது அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் வரும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஒழுகல் அங்கேதான் தொடங்கும். சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. விரிசலை முதலில் அடைத்து, காயவிட்டு, பிறகு வெள்ளை.

படி 2: கரைத்தல்

சுண்ணாம்புத் தூளை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் நன்றாகக் கலக்கி வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் அடித்தால் சிறு கட்டிகள் பிரஷில் சிக்கி, காய்ந்தபின் அந்த இடமெல்லாம் பெயர்ந்து வரும். டி.டி.எல்.லைத் தனியாக வெந்நீரில் கரைத்து, அடிக்கப் போகும் நேரத்தில் சேருங்கள். அளவு டப்பாவிலேயே போட்டிருக்கும்.

பதம்தான் முக்கியம். பால் போல இருக்க வேண்டும். தயிர் போல இருந்தால் தண்ணீர் சேருங்கள்.

படி 3: அடித்தல் (நிதானமாகப் படியுங்கள்)

எங்கள் வீட்டில் முதலில் ஆள் வைத்து அடித்த பூச்சு ஒரே மழையில் கரைந்து ஓடி, வாசல் வரை வெள்ளைத் தண்ணீராக நின்றது. நல்ல சுண்ணாம்பு, நல்ல பசை. ஏன் ஒட்டவில்லை என்று துருவிப் பார்த்தபோதுதான் சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்பது தெரிந்தது.

பெயிண்ட் காய்வது வேறு, சுண்ணாம்பு இறுகுவது வேறு. சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். காலை பத்து மணிக்குச் சுடும் தளத்தில் அடித்தால், தண்ணீர் சில நிமிடங்களில் பறந்துவிடும். கல்லாக மாற நேரமே கிடைக்காது. பார்வைக்குப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், விரலால் தொட்டால் மாவாக வரும். மழை அந்த மாவைத்தான் அடித்துக்கொண்டு போகிறது.

ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் தொடங்குங்கள். அடிக்கும் முன் தளத்தைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். எங்கும் தேங்கி நிற்கக் கூடாது, ஆனால் தளம் ஈரமாக இருக்க வேண்டும். முதல் கையை, அதாவது முதல் பூச்சை, மெல்லிசாக ஒரு திசையில் இழுங்கள். படிக்கட்டுக்கு எதிர் மூலையில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து வந்தால் கடைசியில் படியில் இறங்கிவிடலாம்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியாது. அழுக்குத் தண்ணீர் பூசினது போல, கீழே உள்ள தட்டோட்டின் சிவப்பு அப்படியே தெரியும். ‘பத்தவில்லை’ என்று நினைத்துக் கெட்டியாகக் கரைத்து இன்னொரு கை போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். காய்ந்தபின் தானாக வெளுக்கும். கெட்டியான பூச்சு காயும்போது வெடித்துச் செதில் செதிலாகப் பெயரும். மெல்லிய மூன்று கைகள் ஒரு தடித்த கையை விட எப்போதும் மேல்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அன்று மாலை மறுபடி நனைத்து இரண்டாம் கை, முதலில் இழுத்ததற்குக் குறுக்காக. அதற்கு அடுத்த நாள் மூன்றாம் கை. அதன் பிறகும் இரண்டு நாள் காலையும் மாலையும் தெளிப்பு. கான்கிரீட் போட்டவுடன் தண்ணீர் விடுகிறோமே, அதே அக்கறைதான். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டாவிட்டால் வேலை முடிந்தது.

தை பிறந்ததும் ஒருமுறை மாடியைக் கழுவிவிடுங்கள். தூசு படிந்த வெள்ளைக்குப் பாதிப் பலன்தான்.

மாடி முடிந்த பிறகு

மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்ளே போடும் திரைச்சீலை, கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கும். அதற்குள் சூடு அறைக்குள் நுழைந்துவிட்டது. இடம் இருந்தால் மேற்கே ஒரு வேப்பங்கன்று, சுவரை விட்டுத் தள்ளி.

அடுத்தது மின்விசிறி. பழையது ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். கூடத்தில் நாளுக்கு 20 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட் மிச்சம். நமக்குப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் என்பதால் அந்த 54 யூனிட்டும் குறைவது நம் பில்லின் உச்சிப் படியிலிருந்து, அதாவது அதிக விலை உள்ள யூனிட்களிலிருந்து. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் விலையும் கூடிவிடும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு விசிறியே பில்லில் நன்றாகத் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏ.சி. தேவைப்பட்டால் வாங்குங்கள். சிறியதே போதுமாக இருக்கலாம். 24 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதற்கும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. சூரிய மின்தகடு போடும் எண்ணம் இருப்பவர்கள், 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு என்பதைக் கணக்கில் எடுங்கள். ஆனால் தாங்கிக் கால்களை நடும் முன்பே வெள்ளை அடித்துவிடுங்கள். பிறகு தகட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: மாடியில் வடாம் காயப்போடலாமா என்று பல அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. ஆனால் கட்டில் மேலோ, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வேட்டி விரித்தோ போடுங்கள். நேரடியாகத் தளத்தில் வேண்டாம். மதிய வெளிச்சம் கண்ணைக் கூசும், வடாம் திருப்பப் போகும்போது வெயில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: சிமெண்ட் ஷீட் கூரைக்கும் இதையே செய்யலாமா என்று வேலூரிலிருந்து ஒருவர் கேட்டார். பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அதைக் கம்பிப் பிரஷால் தேய்த்தால் நார் தூசாகப் பறந்து நுரையீரலுக்குள் போகும். ஆகவே தேய்க்கவே கூடாது. ஷீட்டின் மேல் ஏறவும் கூடாது, உடைந்து விழுந்தவர்கள் உண்டு. ஏணியில் நின்றபடி, நீளக் கழியில் கட்டிய ரோலரால் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் அடிப்பதுதான் அங்கே சரி.

பின்சேர்க்கை 3: பி.எல்.டி.சி. விசிறி மாட்டியபின் ‘உர்’ என்று சத்தம், வேகம் ஏறவில்லை என்று வந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்: சுவரில் பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் விட்டிருக்கிறீர்கள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அதை நீக்கி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 4: மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துகிறவர்கள், சுண்ணாம்பு அடித்தபின் வரும் முதல் சில மழைகளை வெளியே விட்டுவிடுங்கள். குழாயின் வாயை அடைத்த துணியை வேலை முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள். அதை அப்படியே விட்டதால் கோடை மழையில் மாடி முழுக்கத் தண்ணீர் நின்றதாக இரண்டு வீடுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.