பிக்கப்புக்குப் பெரிய டயர்: மாட்டும் முன் மாவு உருண்டை வைத்துப் பாருங்கள்

கடலூர் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஓட்டுபவருக்கு மூன்று விதமான தரை. தேவனாம்பட்டினம், தாழங்குடா ஓரம் கடல் மணல். பண்ருட்டி முந்திரிக் காட்டில் செம்மண். நெல்லிக்குப்பம் கரும்புக் கொல்லையில் மழைக்குப் பின் சேறு. பெரிய டயர் மூன்றிலும் ஒரே மாதிரி உதவாது. மணலில் வேலை செய்வது காற்றைக் குறைத்ததும் டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்வது. சேற்றில் வேலை செய்வது பட்டன், அதாவது தரையைக் கடிக்கும் ரப்பர் கட்டைகள். டயரின் உயரம் தருவது ஒன்றுதான்: டிஃப்ரன்ஷியல் உருண்டை (ஆக்சிலின் நடுவில் தொங்கும் கியர் பெட்டி) தரையிலிருந்து கொஞ்சம் மேலே போகும். அதுவும் கூடிய விட்டத்தில் பாதி.

கணக்கு எளிது. 245/70 ஆர் 16 என்றால் அகலம் 245 மி.மீ. அதில் 70 சதவீதம் பக்கச்சுவர், 171.5. மேலும் கீழுமாக 343. ரிம் 16 இன்ச், 406.4. மொத்த விட்டம் 749 மி.மீ. அதே ரிம்மில் 265/70 போட்டால் 777. 265/75 போட்டால் 804. முதலாவதில் வண்டி 14 மி.மீ. உயரும், இரண்டாவதில் 27. பழைய டயரில் உண்மையாக 80 கி.மீ. வேகம் போன அதே முள் நிலையில் 265/70 ஏறத்தாழ 83 போகும், 265/75 ஏறத்தாழ 86. 18 இன்ச் ரிம் வந்த வண்டியில் 255/60 இருந்தால் 763; 265/60 போட்டால் 775.

விட்டம் நாலு சதவீதத்துக்குள் கூடினால் பெரும்பாலும் வண்டியில் எதையும் வெட்டாமல் சமாளிக்கலாம். ஏழு சதவீதத்துக்குப் போனால் கியர் நீளமாகிவிட்டது போல இருக்கும், லோடோடு மேடு ஏறும்போது ஒரு கியர் இறக்க வேண்டி வரும், பிரேக் தூரமும் கூடும். நம் ஊர்த் தரைக்கு அது தேவையில்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடலூர் டிஎன் 31 பதிவு ஆனாலும் புதுச்சேரி பிஒய் 01 பதிவு ஆனாலும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஒன்றுதான்: கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலும் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் பேச்சு குறையும்.

டயர் வாங்கும்போது அளவோடு லோடு இண்டெக்ஸையும், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணையும் பாருங்கள். பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறையவே கூடாது. பிக்கப் மூட்டை ஏற்றும் வண்டி. பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். ரிம் அகலமும் பொருந்த வேண்டும். 265/70 ஆர் 16க்கு 7 முதல் 9 இன்ச் வரை.

பழைய ரிம்மையே வைத்துக்கொள்வது நல்லது. வெளியே பிதுங்கி நிற்கிற ரிம் அழகாக இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு பம்பர் மூலையில் உரசும். இன்னொருவர் கழற்றிய ரிம்மை வாங்கினால் நட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இசுசு வி-கிராஸுக்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் ஆறு நட், 139.7 மி.மீ. வட்டம்தான், நடு ஓட்டை ஒன்றல்ல. நட்டின் அடியும் கூம்பா, தட்டை வாஷரா என்று பாருங்கள். மாற்றிப் போட்டால் முறுக்கின மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும்.

இனி முக்கியமான வேலை. ஐந்து டயரையும் மாட்டச் சொல்லாதீர்கள். ஒன்றை மட்டும் ரிம்மில் ஏற்றி முன் பக்கம் ஒரு சக்கரமாகப் போடச் சொல்லுங்கள். ஓட்டிவிட்ட டயரைக் கடை திரும்ப எடுக்காது. சப்பாத்தி மாவு போலக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகள் செய்து நாலு இடத்தில் ஒட்டுங்கள்: சக்கரத்துக்கு முன்னால் பம்பர் மூலையின் உட்புறம், பின்னால் மட்ஃப்ளாப்புக்கு உள்ளே இருக்கும் லைனர் (சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறை), லைனருக்குப் பின்னால் கேபின் உட்காரும் பாடி மவுண்ட், உள் பக்கம் சக்கரத்தைத் தாங்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மெதுவாக நகர்த்துங்கள். பின்னால் போகும்போதுதான் பல வண்டியில் உரசும். இதைச் சோதிக்காமல் விடுபவர்களே அதிகம். பிறகு அந்தச் சக்கரத்தை ஓர் அடி உயர வரப்பில் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி ஒடியுங்கள். இறங்கி மாவின் கனத்தை அளந்து பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் மிஞ்சியிருந்தால் போதும். லைனரில் மட்டும் தொட்டால் ஹீட் கன்னால் சூடு காட்டி உள்ளே தள்ளலாம், கிளிப் ஒன்றை மாற்றிக் குத்தலாம். பாடி மவுண்டில் தொட்டால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு இல்லை.

வண்டியைத் தூக்கிவிட்டால் உரசல் போய்விடும் என்பார்கள். ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் துண்டு வைத்தால் நிற்கும்போது இடைவெளி கூடும்; பள்ளத்தில் ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது டயர் போய் நிற்பது ஏறத்தாழ அதே இடத்தில்தான். அதோடு ஆக்சில் ஷாஃப்ட் சாய்வு கூடி ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

கழற்றும்போது எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் வண்டியைப் பிடிக்க மற்றப் பின் சக்கரம் மட்டுமே மிஞ்சும். கடல் காற்றில் ரிம் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை ஒரு சுற்று தளர்த்தி வண்டியை லேசாக ஆட்டினால் விடும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நடு வளையத்தில் மட்டும் விரல் நுனியளவு கிரீஸ் தடவுங்கள். ஸ்டட்டில் கிரீஸ் வேண்டாம். அதே முறுக்குக்கு நட் அளவுக்கு மேல் இறுகிவிடும். எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கி, கடைசியில் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் போடுங்கள். 12 மி.மீ. ஸ்டட் உள்ள பிக்கப்புகளில் பொதுவாக 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் கையேட்டில் உள்ளதே இறுதி. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

காற்று, கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அளவில் தொடங்கட்டும். காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள். பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு தார் ரோட்டில் நூறு மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. மணலில் இறங்க 18 பிஎஸ்ஐ சுற்றி வைத்து, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் போகலாம். ஈ.சி.ஆர். ஏறும் முன் நிரப்பியே ஆக வேண்டும். 80இல் ஸ்டியரிங் உதறினால் பேலன்சிங் கடைக்கு ஓடும் முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். பாதி நேரம் காய்ந்த சேறுதான்.

ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். பின்னால் அடியில் தொங்கும் இடத்தில் புதிய டயர் ஏறுகிறதா, சைலன்சரைத் தொடுகிறதா என்று கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். இடம் போதாவிட்டால் லோடு பாடியில் படுக்க வைத்துக் கட்டுங்கள். பழைய சின்ன டயரை ஸ்டெப்னியாக மாட்ட நேர்ந்தால் 2 எச்சில் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மட்டும் மெதுவாகப் பஞ்சர் கடை வரை போகலாம். 4 எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, இரண்டுக்கும் சக்தி பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும், லீவர் 2 எச்சுக்குத் திரும்பாது. அப்படி மாட்டிக்கொண்டால் நேராக நாலைந்து அடி பின்னால் எடுத்துவிட்டு லீவரைத் தள்ளிப் பாருங்கள்.