எயார் ரைபிளின் சைட்டைச் சரிசெய்வது எப்படி? 10 மீற்றரில் பழகத் தொடங்குபவர்களுக்கு

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பாடசாலை அணிக்குச் சுடப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சைட் என்பது குறி பார்க்கும் பாகம்; முன்னே ஒரு கம்பி, பின்னே வெட்டுள்ள ஒரு தகடு என்று வில்லை இல்லாமல் இருப்பது திறந்த சைட். அப்படிப்பட்ட சைட் உள்ள, சுருள்வில்லால் காற்றை அமுக்கிச் சுடும் ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அனுமதிப்பத்திரம், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டைத் தாங்கும் பெட்டி எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். லயத்து (தோட்ட வரிசை வீட்டு) சுவரில் தாளை ஒட்டிச் சுடவே கூடாது. கல்லில் பட்ட பெல்லட் திரும்பி வரும்.

சைட்டைத் தொடுவதற்கு முன் ஸ்டொக்கை (ரைபிளின் கட்டையை) பிடித்திருக்கும் ஸ்குரூக்களை இறுக்குங்கள். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னுக்கும் முன்னுக்கும் உதறுவதால் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். தலை மாற்றிப் போடும் மலிவுத் திருப்புளிகள் வேண்டாம், அவை ஸ்குரூவின் வெட்டைத் தின்றுவிடும். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே ஒரு நல்ல திருப்புளி போதும். இறுக்கியதும் ஸ்குரூத் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் ஸ்குரூ தளர்ந்துவிட்டது.

மழை மாதங்களில் துருவுக்குப் பயந்து எண்ணெயை ஊற்றுகிறார்கள். வெளியே துடைக்க மட்டும் எண்ணெய் போதும். காற்று அமுங்கும் அறைக்குள் போனால் அது வெடித்து எரியும், பெல்லட்டின் வேகம் ஏறி இறங்கும், அப்படிச் சுட்ட ஓட்டைகளை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது.

முன் சைட் மினுங்கினால் குப்பி லாம்புப் புகையில் ஒரு நிமிடம் காட்டிக் கரி ஏற்றுங்கள். மலையில் வெயில் ஒரு பக்கமாகச் சரிந்து விழும்போது கம்பியின் அந்தப் பக்கம் மட்டும் பளபளக்கும். கண் அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். கரி ஏற்றிய கம்பி மங்கலாக, கூர்விளிம்போடு நிற்கும்.

இனிச் சுடுங்கள். முன்கட்டையை, அதாவது குழாயின் கீழுள்ள ஸ்டொக்கின் முன்பகுதியை, மேசையில் வைக்காதீர்கள். மணல் மூட்டைமேல் உள்ளங்கை, உள்ளங்கைமேல் கட்டை. பின் சைட்டின் வெட்டுக்குள் முன் கம்பி நடுவில், இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு, மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பார்வை முன் கம்பியில். இலக்கு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. 10 மீற்றர்த் தாளில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீற்றர். அதன் அடி விளிம்புக்குக் கீழே மயிரிழை வெள்ளை தெரிய வைத்துக் குறி பாருங்கள். ஐந்து சூடு சுடும்வரை சைட்டைத் தொடவே வேண்டாம். ஒரு ஓட்டையைப் பார்த்துச் சைட்டைத் திருப்புவது வீண். ஐந்தின் நடுவைத்தான் அளக்க வேண்டும். ஐந்தும் சிதறிக் கிடந்தால் கோளாறு சைட்டில் இல்லை. பிடியிலோ பெல்லட்டிலோ தேடுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள். பின் சைட்டை, சூடு எங்கே போக வேண்டுமோ அங்கே நகர்த்துங்கள். இடப்பக்கம் விழுகிறதா, பின் சைட் வலப்பக்கம் போகட்டும். கீழே விழுகிறதா, மேலே ஏறட்டும். முன் சைட்டுக்கு இது அப்படியே தலைகீழ்; முடிந்தவரை அதைத் தொடாமல் விடுங்கள். பின் சைட்டை நகர்த்தும் குமிழில் உள்ள எழுத்தை நம்பி மட்டும் திருப்பாதீர்கள். சில ரைபிள்களில் அந்த எழுத்து சூடு போக வேண்டிய பக்கத்தைக் காட்டும். சில ஜெர்மன் சைட்களில் ‘எச்’ என்றால் ‘சூடு உயரமாக விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு’ என்று பொருள். அதனால் குமிழைத் திருப்பிக்கொண்டே பின் சைட்டின் தகடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணால் பாருங்கள். தகடு பொய் சொல்லாது.

எவ்வளவு நகர்த்துவது? விலகலை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கு வரையான தூரத்தால் வகுங்கள். சைட் இடைவெளி 450 மில்லிமீற்றர், ஐந்து சூட்டின் நடு 20 மில்லிமீற்றர் இடப்பக்கம் என்றால், 20 × 450 ÷ 10,000 = 0.9 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு! பலர் அளக்காமல் அதிகமாகத் திருப்பிவிட்டுத் தாளில் ஓட்டையையே காணாமல் தேடுவது இதனால்தான். மேல்-கீழ், இடம்-வலம் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை முடித்து ஐந்து சூடு, பிறகு மற்றது.

பிறகு சேர்த்தது: பசறையிலிருந்து ஒரு தங்கச்சி, குமிழை இரண்டு கிளிக் (திருப்பும்போது ‘டக்’ என்று விழும் படி) திருப்பியும் சூடு அசையவில்லை என்று எழுதியிருந்தார். திருகுக்குள் இருக்கும் தளர்வுதான் காரணம். வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமிருந்து. இன்னொருவர் பெல்லட் வகையை மாற்றியதும் எல்லாம் கீழே போய்விட்டது என்றார். எடை மாறினால் விழும் இடமும் மாறும். போட்டிக்கு எந்தப் பெல்லட்டோ அதே பெல்லட்டில் சரிசெய்து, டப்பாவின் மூடியில் கிளிக் எண்ணிக்கையை எழுதி ஒட்டிவையுங்கள்.