பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுவது எப்படி: அம்மாவின் தமிழ்க் கோப்புகளையும் சேர்த்து

எங்கள் வீட்டு மடிக்கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே கோப்பிக்கடைக்குப் போய் ஒரு தே-ஓ வாங்கிக்கொண்டு மேலே வந்தாலும் அந்த நீலத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை அது சேர்த்துக்கொள்வதில்லை. "மின்கழிவுத் தொட்டியில போட்டுட்டு வா தம்பி" என்றார் அப்பா.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸை வகுப்பில் தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதைப் போட்டுப் பார்க்க அப்பாவிடம் இரண்டு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். லினக்ஸ் போட ஒரு மாலைப்பொழுது போதும். வீட்டில் இருப்பவர்கள் அதில் வேலை செய்யும்படி ஆக்கத்தான் மீதி நாளெல்லாம் ஆனது. அதனால் இந்தக் குறிப்பில் முதல் பாதியை வேகமாகச் சொல்லிவிட்டுத் தமிழுக்கு வருகிறேன்.

முதலில் திருப்புளியை எடுங்கள். மென்பொருளைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். எங்கள் மடிக்கணினி ஒன்பது வருஷமும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், காற்றாடியில் தூசியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு கறுப்புப் போர்வை. பழைய பல் துலக்கியால் சுரண்டி எடுத்தேன். துலக்கும்போது காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுத்தம் ஒன்றுக்கே அதன் இரைச்சல் பாதியானது.

அடுத்து எஸ்எஸ்டி, அதாவது சுழலாத, வேகமான வட்டு. செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் என்றால் இதில் செய்யுங்கள். சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று 38 வெள்ளிக்கு வாங்கினேன். ரேம் வாங்குவதாக இருந்தால் மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆறாம் தலைமுறை இயந்திரங்களில் சிலவற்றுக்கு டிடிஆர்3எல், சிலவற்றுக்கு டிடிஆர்4. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. எனக்குக் கல்லூரி நண்பன் ஒருவன் 4 ஜிபி துண்டு ஒன்றை ஓசியில் கொடுத்தான். மொத்தம் 8 ஆனது.

லினக்ஸில் பல வகை உண்டு. நான் எடுத்தது லினக்ஸ் மின்ட் 22. இதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 8 இருந்தால் சினமன் பதிப்பு தாராளமாக ஓடும், விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அதுவே இதம். பதிவிறக்கும் கோப்பு சுமார் 3 ஜிபி. கூடவே எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி கொடுத்திருப்பார்கள். உங்களிடம் இறங்கிய கோப்புக்கும் அதே வரி வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள். நான் முதல் தடவை பார்க்கவில்லை. பாதியில் அறுந்த கோப்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தம்ப்டிரைவ்தான் கெட்டுப்போச்சு என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோப்பைத் தம்ப்டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது எச்சர் என்ற நிரல். இரண்டும் திறமூலம்தான், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். தம்ப்டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு அதைச் செருகி, இயந்திரம் எழும்போது, எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பட்டியல் வரும்வரை எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். சில நிறுவனங்களுக்கு எஃப்9, சிலவற்றுக்கு எஸ்கேப். உள்வட்டில் எதையும் தொடாமல் மின்ட் தம்ப்டிரைவிலிருந்தே எழுந்து நிற்கும். இந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, கேமரா, அச்சு இயந்திரம் நான்கையும் சோதித்துவிடுங்கள். வைஃபை எடுக்கவில்லையா, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிருங்கள். நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் விடுபட்ட வைஃபைக்கு வழி இருக்கிறதா என்று அது சொல்லும். எங்கள் அச்சு இயந்திரத்தின் மேல் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தது. அப்படிப் போட்டிருப்பவை பெரும்பாலும் டிரைவர் என்ற தனி இயக்க நிரலைக் கேட்காமலே வேலை செய்யும். எங்களுடையது செய்தது.

இப்போது நான் செய்த தப்பு.

புது எஸ்எஸ்டியை உள்ளே மாட்டினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கோப்புகளைப் பிரதி எடுத்த 1 டிபி வெளிவட்டு யுஎஸ்பியிலேயே செருகியபடி இருந்தது. அதில் அக்கா கல்யாணப் படங்களும் இருந்தன. அந்தப் படங்களுக்கு வேறு எங்கும் பிரதி கிடையாது. நிறுவியில் "வட்டை அழித்துவிட்டு மின்ட் போடு" என்பதைத் தேர்ந்தால் எந்த வட்டு என்று ஒரு பட்டியல் காட்டும். நான் மேலே நின்றதைப் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிவிட்டேன். கால் மணி நேரத்தில் மின்ட் சமர்த்தாக வெளிவட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்காவிடம் அன்று சொல்லவில்லை. ஃபோட்டோரெக் என்று ஒரு திறமூல நிரல் இருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்போடு சேர்ந்து வரும். வட்டில் கோப்புப் பட்டியல் அழிந்துபோனாலும், படத்தின் தொடக்க பைட்டுகளை அடையாளம் கண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். இதற்கு ஒரே நிபந்தனை: பறிகொடுத்த வட்டில் அதற்குமேல் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. மீட்பதை வேறு வட்டில்தான் போட வேண்டும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் படங்கள் வந்திருந்தன, பெயர்தான் வரவில்லை. எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீளமான எண்ணுமாக இருந்தன. மாலை மாற்றுவது ஒரு அடைவில், பந்தி இன்னொன்றில், நடுநடுவே ஏதோ இணையப் பக்கத்தின் குட்டி ஐகான்கள். மின்ட் ஏற்கெனவே எழுதிவிட்ட இடத்தில் இருந்தவை போனதுதான், திரும்பவில்லை. நலங்குப் படங்களில் பாதி இல்லை. அக்காவிடம் அப்புறம் சொன்னேன். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆகவே நிறுவும்போது இயந்திரத்தில் தம்ப்டிரைவும் உள்வட்டும் தவிர வேறெதுவும் செருகியிருக்கக் கூடாது. பட்டியலில் ஜிபி அளவைப் படித்துப் பாருங்கள். 256க்கும் 1000க்கும் வித்தியாசம் தெரியாமல் போக எனக்குக் கண் கெட்டுவிடவில்லை, அவசரம்தான்.

நிறுவி முடித்ததும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். அடுத்து டைம்ஷிஃப்ட். வாரம் ஒரு தடவை கணினி அமைப்பை மட்டும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லலாம். ஏதாவது கெட்டால் போன வாரத்து நிலைக்குத் திரும்பிவிடலாம். படங்களையும் ஆவணங்களையும் அது எடுக்காது. அதற்குத் தனியே வழி செய்துகொள்ளுங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். அம்மா வீட்டில் தமிழ் டியூஷன் எடுக்கிறார். பயிற்சித் தாள்களெல்லாம் அவரே தட்டுவது. மின்ட் திரையைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "தமிழ் எங்கடா?"

தமிழ் உட்படப் பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ்-எம்17என் என்ற நிரலைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவுங்கள். பிறகு உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கப் போனால் தமிழ்99, ஃபோனெட்டிக், தட்டச்சு என்று பல விசைப்பலகை முறைகள் வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து வந்ததுதான் தமிழ்99. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார்.

அம்மா ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைத்துப் பழகியவர். அவருக்கு ஃபோனெட்டிக்கைப் போட்டுக் கொடுத்தேன். முன்பு பழகியதிலிருந்து அங்கங்கே கொஞ்சம் வித்தியாசப்படும். இரண்டு நாள் "ழ எங்க, ண எங்க" என்று அடுப்படியிலிருந்தே சத்தம். மூன்றாம் நாள் டியூஷனுக்கு வரும் உயர்நிலை இரண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், தமிழ்99 போடுங்க, ரொம்ப ஈசி" என்று உட்கார்ந்து காட்டினாள். உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ஏ, கே, கே, கியூ என்று நான்கு விசை: அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக ஏறிக்கொள்கிறது. திரையில் அம்மா. அம்மா அதை நாலைந்து தடவை தட்டிப் பார்த்தார். எழுத்துப் படத்தை அச்சடித்துத் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம். ழ கேள்விக்குறி விசையில் இருக்கிறது.

லிப்ரஆஃபீஸில் ஒரு பொறி உண்டு. அது தமிழைத் தனி வகையாக, சிக்கலான எழுத்து வரிசை என்ற பெயரில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்துரு அளவை 14 ஆக்கினால் தமிழ் 12இலேயே நிற்கும். விருப்பங்களில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்து வரிசையைத் தமிழுக்கு மாற்றி, அடிப்படை எழுத்துருவில் அதற்கென இருக்கும் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ போட்டுவிடுங்கள். குழு வேலைக்கு வேர்ட் கோப்பு அனுப்பும் மாணவர்கள் கார்லிட்டோ எழுத்துருவையும் நிறுவிக்கொள்ளுங்கள். கலிப்ரியின் அதே அகலம் அதற்கு, வரி உடையும் இடம் மாறாது. ஆசிரியருக்கு அனுப்பும்போது பிடிஎஃப்.

கடைசியாக, எனக்கு அதிகம் பிடித்த பகுதி. அம்மாவின் பழைய தாள்கள், 2000களின் தொடக்கத்தில் தட்டியவை, திறந்தால் தமிழே இல்லை. முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூ. இந்த நான்கும் வரிசையாக நின்றால் அது 'தமிழ்' என்ற சொல். டிஎஸ்சிஐஐ என்ற பழைய குறியேற்றம் அது. குறியேற்றம் என்றால் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் முறை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் பேசித் தீர்க்கத்தான் 1997இல் நம் சிங்கப்பூரிலேயே தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி இங்கே தமிழாசிரியர்களுக்குப் பாடம் சொன்னவர், கணியன் விசைப்பலகையைச் செய்தவர்.

ஒரு குறிக்கு ஓர் எழுத்து என்று தேடி மாற்றினால் போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். சரிவராது. டிஎஸ்சிஐஐயில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, க, கால் என்று மூன்றாகக் கிடக்கும். இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. வரிசையையே பிரித்துக் கட்ட வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழிக்கு ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது, அதில் டிஎஸ்சிஐஐ மாற்றி உண்டு. மின்ட் 22இல் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் கொண்டு நேராக நிறுவ விடாது. மெய்நிகர் சூழல் என்ற தனி அடைவு ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். பழைய ஆவணத்தை லிப்ரஆஃபீஸில் திறந்து, "உரை, குறியேற்றம் தேர்க" வகையில், விண்டோஸ்-1252 என்று கொடுத்துச் சேமியுங்கள். அப்போதுதான் அசல் பைட்டுகள் அப்படியே கிடைக்கும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் சேமித்தால் மாற்றிக்கு ஒன்றும் புரியாது. ஒரு சாயங்காலம் இதில்தான் போனது எனக்கு. மாற்றியதை அம்மா வரிவரியாகப் படித்துத் திருத்தினார். பழமொழித் தாள் ஒன்று வந்ததும், "இது உனக்குத் தொடக்கநிலை மூன்றுல குடுத்தது" என்றார். எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு எச்சரிக்கை. தேர்வு நேரத்தில் திரையைப் பூட்டும் உலாவிகளில் பல விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும்தான் ஓடும். அப்படித் தேர்வு இருப்பவர்கள் ஒரே கணினியை நம்பி விண்டோஸை அழிக்க வேண்டாம். என் கல்லூரிக் கணினி தனி, அதனால் நான் தப்பித்தேன். தங்கையோ தம்பியோ பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் கைவைக்காதீர்கள். அதில் நிர்வாக மென்பொருள் இருக்கும், வம்பு. அரசுச் சேவைகளுக்குள் நுழைய வேண்டிய சிங்பாஸைப் பற்றி அப்பாதான் கவலைப்பட்டார். ஃபயர்ஃபாக்ஸில் கியூஆர் குறியைக் கைப்பேசியால் வருடினால் உள்ளே விடுகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் வைத்திருந்து, யாரும் எதையும் தேடவில்லை என்று உறுதியான பிறகு, முழுவதும் அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடலாம். எங்களுடையது சாமி அலமாரியின் கீழ் இழுப்பறையில், கடித உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் அப்பா தேதி எழுதி, "தம்பி தொடக்கூடாது" என்று ஒட்டியிருக்கிறார்.