மலைக்கு மின்வண்டி: வரிச் சலுகை சொல்லாத கணக்குகள்

மின்வாகனம் வாங்கப் போகிறவர்கள் முதலில் தட்டுவது தவறான கதவை. இறக்குமதி வரி, அனுமதி எல்லாம் கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை. மத்திய மாகாணமோ ஊவா மாகாணமோ அதில் ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. மாகாணத்தின் கையில் இருப்பது வருடாந்த ரெவனியூ லைசன். அதைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். வண்டிப் பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை, மீட்டரும் மின்கட்டணமும் மின்சார விநியோக நிறுவனத்தின் வேலை. ‘அரசாங்கம் சலுகை தருகிறதாம்’ என்று யாராவது சொன்னால், இவற்றில் எந்த அலுவலகம் தருகிறது என்று கேளுங்கள். பாதி வதந்தி அங்கேயே உதிர்ந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. மின்காரின் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவில் அல்ல, மோட்டாரின் கிலோவாட்டில் கணக்கிடப்படுகிறது. ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் வரும் இரண்டு கார்களுக்கு மோட்டார் வலு வேறானால் வரியும் வேறு. 2025இல் ஒரு கார் வகையின் மோட்டார் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்ற சர்ச்சையில் பெருந்தொகைக் கார்கள் சுங்கத்தில் நின்று, விஷயம் நீதிமன்றம்வரை போனது. ஆகவே விளம்பரத் தாளை விட்டுவிட்டு, சுங்க ஆவணத்திலும் பதிவுச் சான்றிதழிலும் எத்தனை கிலோவாட் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

‘பெட்டரி பைக்தானே, நம்பர் தேவையில்லை’ என்று சொல்லி விற்கும் ஸ்கூட்டரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பதிவு இல்லாமல் காப்புறுதி இல்லை, ரெவனியூ லைசனும் இல்லை. விபத்து நடந்தால் முழுப் பாரமும் ஓட்டியவர் தலையில் விழும். பெற்றோல் ஓட்டோவை மின்னுக்கு மாற்றியவர்கள் இன்னொரு இடத்தில் வழுக்குகிறார்கள். எஞ்சினைக் கழற்றி மோட்டாரைப் பூட்டியாயிற்று, ஆனால் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் ‘பெற்றோல்’ என்றே இருக்கிறது. திணைக்களத்தின் அனுமதியோடு அந்தப் பதிவு திருத்தப்படாதவரை, காப்புறுதிக் கம்பனி இழப்பீட்டை மறுக்க உங்கள் கையாலேயே காரணம் எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

கடதாசி வேலை இவ்வளவுதான். மலையில் ஆளைக் கவிழ்ப்பது தூரத்தை மட்டும் பார்ப்பது. விற்பவர் சொல்லும் ‘ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீற்றர்’ கொழும்பின் மட்டத் தரைக்கு. இங்கே ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும், அது கடினமும் அல்ல: ஒரு தொன் எடையை 100 மீற்றர் உயர்த்த, இழப்புகளையும் சேர்த்து, சுமார் 0.3 யூனிட். அதாவது 0.3 கிலோவாட் மணி.

கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. இடையே 77 கிலோமீற்றர். 2015 வாக்கில் வரி குறைவாக இருந்தபோது நிறைய வந்திறங்கிய பழைய நிசான் லீஃபில் நாலு பேர் ஏறினால் ஏறக்குறைய 1.8 தொன். உயரம் ஏற மட்டும் 7.4 யூனிட். மெதுவாக ஓட்டினாலும் தூரத்துக்கு இன்னும் 8, 9 யூனிட் போகும். ஆக மொத்தம் 16. அந்தக் காரின் பெட்டரி புதிதில் 24 யூனிட். காரின் மீட்டரில் கொள்ளளவைக் காட்டும் 12 கோட்டில் 8 மட்டும் மிஞ்சியிருந்தால் கொள்ளளவு மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிட்டது என்று பொருள். அதிலும் முழுவதையும் காலி செய்ய முடியாது. கையில் கிடைப்பது 14 யூனிட் அளவுதான். கணக்குப்படி கார் லபுக்கலைப் பக்கம் தேயிலைக்கு நடுவே நின்றுவிடும். மழையில் ரம்பொடைப் பாதை மூடி, ஹட்டன் வழியாகச் சுற்ற வேண்டிவந்தால் அதுவரைகூட வராது. பழைய மின்கார் வாங்குகிறவர்கள் ஓடோமீற்றரைப் பார்த்து மகிழ்வதைவிட, பெட்டரியின் ஆரோக்கிய வீதத்தை ஸ்கேனர் போட்டு எடுத்து, அதன்மேல் விலை பேசுவது நல்லது.

ஸ்கூட்டருக்கும் இதே கணக்குத்தான். 72 வோல்ட், 20 அம்பியர் மணி ஈய அமிலப் பெட்டரியில் எழுத்தளவில் 1.44 யூனிட். ஏற்றத்தில் மின்னோட்டம் அதிகமாக இழுபடும்போது ஈயப் பெட்டரி அதில் 60 வீதம் தந்தாலே பெரிது. நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் அதுவும் குறையும். தலவாக்கலையிலிருந்து இரண்டு பேர் நுவரெலியாவுக்கு ஏற 1.1 யூனிட்டுக்கு மேல் வேண்டும். லித்தியம் பெட்டரி போய்ச் சேர்க்கும், ஈயம் வழியில் கைவிரிக்கும். மோட்டாரின் வலுவையும் பாருங்கள். 10 வீதச் சாய்வில் 180 கிலோவோடு மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏற, சக்கரத்தில் மட்டும் ஏறக்குறைய 1,100 வாட் தேவை. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ‘1000 வாட்’ ஹப் மோட்டார் அந்த இடத்தில் வேகம் விழுந்து சூடேறும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் அதை வெட்டிவிடும். உச்ச வலுவைக் கேட்காதீர்கள், தொடர்ந்து தரக்கூடிய வலு எவ்வளவு என்று கேளுங்கள். வாங்குமுன் பின்னால் ஒரு ஆளை ஏற்றி உங்கள் தோட்டத்து மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கடைக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பதில் பலனில்லை.

இறக்கத்தில் நேர் எதிரான தவறு நடக்கிறது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 வீதத்தில் நுவரெலியாவிலிருந்து இறங்கினால், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பிறப்பிக்கும் மின்சாரத்தை வாங்கப் பெட்டரியில் இடமில்லை. மோட்டார் பிடி விட்டுப்போகும், பாரம் முழுதும் சாதாரண பிரேக்கில் விழும், தட்டுகள் சூடேறிப் பிடி தளரும். கீழே போவதாக இருந்தால் 80, 85 வீதத்தில் நிறுத்துங்கள். இறங்கும்போது மூன்று, நாலு யூனிட் திரும்பிக் கிடைக்கவும் கூடும்.

இனி வீட்டுப் பக்கம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயனில் மாதம் 50 யூனிட் எரிக்கும் வீடு, ஸ்கூட்டருக்கு 20 தடவை சார்ஜ் போட்டால் இழப்போடு 36 யூனிட் கூடி 86 ஆகும். 60 யூனிட்டைத் தாண்டியதும், மேலதிகமாக எரித்த யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் வேறு விலை விழும். நிலையான கட்டணமும் ஏறும். பெற்றோல் மிச்சத்தைக் கணக்கிடும்போது இதைக் கழிக்க மறக்கிறவர்கள்தான் பில் வந்த பிறகு மின்சார அலுவலகத்தோடு சண்டைக்குப் போகிறார்கள். மீட்டர் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வேறொருவர் பெயரிலுள்ள மீட்டரிலிருந்து பிரித்த உப மீட்டரில் ஓடும் வீட்டுக்காரர் இணைப்பின் அளவைக் கூட்டவோ கட்டண முறையை மாற்றவோ தானாக விண்ணப்பிக்க முடியாது.

இரவு 10.30க்குப் பிறகு மின்சாரம் மலிவு என்று கண்விழித்துச் சார்ஜரைச் செருகுகிறவர்கள் பலர். 10.30 முதல் காலை 5.30 வரையான குறைந்த விலை, நேரவாரிக் கட்டண மீட்டர் எடுத்தவர்களுக்கு மட்டும். சாதாரண மீட்டரில் எந்த நேரத்திலும் ஒரே கணக்கு. நேரவாரி மீட்டர் எடுத்தவர்கள் மாலை 6.30 முதல் 10.30 வரை சார்ஜரைத் தொடவே கூடாது, அந்த நான்கு மணி நேரம்தான் ஆக விலை கூடியது. சாதாரண மீட்டர்க்காரருக்கும் அந்த நேரம் உகந்ததல்ல. மின் லைனின் கடைசியில் இருக்கும் லயன்களில் மாலையில் வோல்டேஜ் விழுந்து சார்ஜர் தானாகவே வெட்டும்.

13 அம்பியர் சொக்கட்டில் மணிக்கணக்காக 13 அம்பியர் இழுக்கக் கூடாது. 10 அம்பியரோடு, அதாவது 2.3 கிலோவாட்டோடு நிறுத்துங்கள். ஏழு மணி நேரத்தில் சொக்கட்டிலிருந்து 16 யூனிட் இழுபடும், இழப்பு போக மிஞ்சுவது கண்டிக்கு இறங்கும் பயணத்துக்குப் போதும். சார்ஜருக்குத் தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த். ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்துச் சார்ஜ் போட்டால் சுருளுக்குள் வெப்பம் தேங்கி உறை உருகும். பின்னேர இடி மழைக் காலத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

கடைசியாக, சார்ஜ் வாய். பழைய லீஃபுக்கு வேகச் சார்ஜ் பிளக் சாடெமோ வகை, புதிய கார்கள் பலவற்றுக்கு சிசிஎஸ்2, சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த காருக்கு ஜிபி/டி. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. காருக்கு முற்பணம் கட்டுமுன், நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் இருக்கும் சார்ஜ் நிலையத்துக்கு நேரில் போய், அங்கே தொங்கும் பிளக் எது, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.