பம்பில் 30 மில்லிதான் வருகிறதா? நேரடிப் பாலும் எடுத்து வைத்த பாலும்

வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் இருந்தபோது முதன்முறையாகத் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வைத்தேன். இருபது நிமிடம் கழித்து பாட்டிலில் 30 மில்லி. எட்டிப் பார்த்த மாமியார், "இவ்வளவுதானா கண்ணு? அதான் பிள்ளை ராத்திரியெல்லாம் சிணுங்குது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று பிள்ளையைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

உண்மையில் அரைமணி நேரம் முன்புதான் மகள் வயிறு முட்டக் குடித்திருந்தாள். பம்பில் வந்தது மிச்சம். அதோடு, பிள்ளை வாய் வைத்தால் பால் இறங்குகிற மாதிரி, மார்பில் பொருத்தும் பம்பின் பிளாஸ்டிக் புனலுக்கு இறங்காது. பாட்டில் கோட்டைப் பார்த்து "பால் பத்தலை" என்று முடிவுகட்டாதீர்கள். முதல் வாரம் தாண்டிய பிள்ளை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது.

படி 1: முதலில் மார்பில் பழக்குங்கள்

முதல் நான்கு வாரம் பம்பைப் பெட்டியிலேயே வையுங்கள். பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்பத்தான் உடம்பு பால் சுரக்கப் பழகும். காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கு வலி, பிள்ளைக்குப் பசி. வாய் அகலத் திறந்து, கருவளையத்தின் கீழ்ப்பகுதியும் உள்ளே போய், முகவாய் மார்பில் பட்டிருக்க வேண்டும். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டால் சரி. ஒரு பக்கத்தைத் தானாக விடும்வரை மாற்றாதீர்கள்; தொடக்கத்தில் தண்ணியாக வரும் பால் போகப்போகத்தான் கொழுப்பேறும். எவ்வளவு வேண்டும், எப்போது போதும் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்கிறது. கழுவ, கொதிக்கவைக்க எதுவும் இல்லை. இந்த வசதி எந்தப் பம்பிலும் வராது.

குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கும் பிள்ளைக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே பிரசவமான சில மணி நேரத்திலேயே சீம்பாலை எடுக்கச் சொல்வார்கள். நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள்.

படி 2: பால் எடுப்பது

காலையில் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். பலருக்கும் அப்போதுதான் நன்றாக வரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை மெதுவாக நீவிவிட்டு, 15 நிமிடம் போதும். வலித்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். புனல் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். பெட்டியோடு வரும் 24 மி.மீ. புனல் எல்லோருக்கும் சரிப்படாது. கரண்ட் இல்லாவிட்டால் கையாலேயே பீய்ச்சலாம்.

வீட்டில் பிள்ளை குடிக்கும் ஒவ்வொரு வேளைக்கும் அலுவலகத்தில் ஒருமுறை எடுத்தால் பால் கட்டிக்கொள்ளாது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்பது 1961 மகப்பேறு பலன் சட்டத்திலிருந்தே இருக்கும் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படி 3: சேமிப்பது

25 டிகிரியில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். முதல் கணக்கு ஏசி அறைக்குத்தான். மே மாதச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வாட்ஸ்அப் பார்க்க உட்காராதீர்கள், உடனே ஃபிரிட்ஜுக்குள். கதவுத் தட்டில் வேண்டாம், உள்ளே பின்பக்கம். 60 மில்லியாகப் பிரித்து, தேதி எழுதி வையுங்கள்.

படி 4: கொடுப்பது

எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாட்டிலை அதில் நிறுத்துங்கள். அடுப்பு வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். மேலே மஞ்சளாக ஒரு படலம் மிதக்கும். மாமியார் "திரிஞ்சுபோச்சு" என்றார். அது கொழுப்பு, லேசாகச் சுழற்றியதும் கலந்துவிட்டது. உறைந்த பாலை ஃபிரிட்ஜில் வைத்து இளக்கினால், இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், திரும்ப உறையவைக்கக் கூடாது. வாய் வைத்த மிச்சத்துக்கு 2 மணி நேரம்தான். கொட்ட மனசு வராது, தெரியும். நான் 70 மில்லியை அவள் குளிக்கிற தண்ணீரில் ஊற்றியிருக்கிறேன்.

ஒரு மாதம் தாண்டிய பிள்ளை நாளுக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 90 முதல் 100 வரை. பாட்டிலைவிடப் பாலாடை (பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) நல்லது, கழுவவும் சுலபம். பாட்டில்தான் என்றால் பிள்ளையை நிமிர்த்தி வைத்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் பால் தானாக இறங்கிக்கொண்டே இருப்பதால் போதும் என்று பிள்ளை சொல்வதற்குள் வயிறு நிறைந்துவிடும். "மிச்சம் வைக்கக் கூடாது" என்கிற பாட்டி நியாயம் இங்கே செல்லாது.

படி 5: வீட்டுக்கு வந்ததும் மார்புதான்

நீங்கள் வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் பால் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். நான் பஸ் ஏறியதும் போன் பண்ணுவேன். மாமியார் பாலாடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.