உள்ளூர் கேபிளில் வேஷம் கட்டுவது எப்படி?

கும்பகோணம் பக்கத்து கேபிள் சேனலில் வாரம் அரை மணி நேரம் நான்தான் ‘மதகு மாமா’. ஓய்வு பெற்ற லஸ்கர், அதாவது வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் ஊழியர். ஷட்டர் சாவியை மட்டும் திருப்பிக் கொடுக்காதவர்.

வேஷத்தை ஒட்டுமீசையில் தொடங்காதீர்கள். அந்த ஆளுக்கு முதலில் ஒரு தீராத குறை வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால், மாமா அன்றைக்குக் காலையிலேயே துண்டோடு வாய்க்காலில் நிற்பார். தண்ணீர் வந்துசேர நாளாகும் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். முக்கியமாக, அவர் சிரிக்கக் கூடாது. நான் ஒருமுறை சிரித்துத் தொலைத்தேன். அந்த வாரம் மாமா செத்தார்.

அப்புறம் நுழைவு. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் கோணங்கி என்கிற கோமாளி முதலில் வந்து ஆடுவதைப் போய்ப் பாருங்கள். கதை தொடங்கும் முன்பே கூட்டம் அவர் கையில்.

கேமரா, விளக்கெல்லாம் கல்யாண வீடியோக்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கும். சம்பளம்? எனக்குச் சோறு போடுவது ஜெராக்ஸ் கடை.

நேயர் போனில் வந்தால் வேஷத்தைக் கலைக்காதீர்கள். ஒரு பாட்டி, “எங்க வாய்க்காலுக்கு எப்பய்யா முறை?” என்று நிஜமாகவே கேட்டுவிட்டார். விசாரித்து, அடுத்த வாரம் மாமா குரலிலேயே நாளைச் சொன்னேன். சாவியை மட்டும் தரவில்லை.