ஓநாய் நாய்க்குட்டியை அம்மாவிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

செக் நாட்டில், புர்னோ நகரத்துக்கு வெளியே வசிக்கிறோம். எங்கள் லூனா செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாய். கார்ப்பாத்திய ஓநாயையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் கலந்து 1955இல் தொடங்கிய முயற்சியில் உருவான இனம். லூனா இரண்டு ஈற்று போட்டுவிட்டாள். குட்டியை எப்போது தருவீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது எட்டு வாரம். அதற்கு ஒரு நாள் முன்னால்கூடத் தர மாட்டேன்.

"ஓநாய் ரத்தமாச்சே, கண் திறக்கும் முன்பே எடுத்தால்தான் பழகும்" என்பார்கள். நிஜ ஓநாய்க்கு அது சரி. ஓநாய்க்குட்டி இரண்டாவது வாரத்திலேயே, கண்ணும் காதும் முழுதாக வேலை செய்யும் முன்பே, மோப்பத்தை நம்பி நடமாடத் தொடங்கிவிடும். சுற்றி இருப்பவற்றோடு பழகத் தொடங்கும் அந்தப் பருவம் நாய்க்குட்டிக்கு நான்காவது வாரம் வாக்கில்தான் வரும். ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்ப்ருன் ஓநாய் ஆய்வு மையத்தில் பத்து நாள் குட்டியையே எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, இரவும் பகலும் கூடவே இருந்து வளர்ப்பது அதனால்தான். அப்பாவோ அம்மாவோ நிஜ ஓநாய் என்றால் வீட்டில் வளர்க்க வாங்கவே வேண்டாம். எங்கள் இனத்தில் ஓநாய் ரத்தம் கடைசியாகச் சேர்ந்தது 1983இல்; அதனால் எங்கள் குட்டிகளுக்கு நாய்க்குட்டிக் கணக்குதான்.

எட்டு வாரம் என்றால் அதுவரை தொடாமல் இருப்பது என்று அர்த்தமில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் குட்டிகளோடு தரையில் உட்காருங்கள். ஒவ்வொன்றாக மடியில் வைத்து பாதம், காது, வாய் எல்லாம் தொட்டுப் பழக்குங்கள். அப்புறம் தாடிக்காரர், தொப்பிக்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று ஆட்களைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டுக் குட்டிகள் குக்கர் விசிலுக்குத் தலைகூடத் தூக்காது.

ஐந்தாவது வாரம் வாக்கில் லூனா சாப்பிட்டதைக் குட்டிகள் முன் கக்குவாள். அவை அவள் வாயோரத்தை நக்கி நக்கிக் கேட்கும். முதல் தடவை நோய் என்று பதறினேன்; அது நோயில்லை, தாய் ஊட்டும் முறை. ஆறாவது வாரம் குட்டிகளின் பல் குத்துவதால் நின்றபடியே பால் கொடுப்பாள், பாதியில் நகர்ந்துவிடுவாள். அழுத்திக் கடித்த குட்டியின் மூஞ்சியை வாயால் கவ்வி ஒரு உறுமல். குட்டி அப்படியே மல்லாந்துவிடும். அடுத்த முறை மெதுவாக வாய் வைக்கும்.

முதல் ஈற்றில் ஒரு குடும்பம் கெஞ்சியதால் ஆறு வாரத்திலேயே ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டேன். நான்காவது மாதத்தில் அவர்கள் கையெல்லாம் காயம். விளையாட்டாகத்தான் கடித்தது, ஆனால் எவ்வளவு அழுத்தலாம் என்று அதற்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது.

பத்து வாரத்தைத் தாண்டியும் வைத்திருக்காதீர்கள். புது இடத்தைக் கண்டு மிரள ஆரம்பித்துவிடும், இந்த இனத்தில் அந்த மிரட்சி லேசில் போகாது. எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் அனுப்பவும் வேண்டாம். தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்கட்டும். அம்மாவோடு கிடந்த துணி ஒன்றைக் கூடவே கொடுங்கள். வாங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று: முதல் சில இரவுகள் குட்டியைத் தனி அறையில் பூட்டாமல், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் படுக்க வையுங்கள்.